படகுக்கு ஏற்ற முகம்

ஆலடிப்பேரியில் மழை ஆள் பார்த்துத்தான் பெய்யும். தார்ப்பாயின் கனம், தையல், ஓரத்தில் அடித்த வளையம் இவை எதையும் அது பொருட்படுத்துவதில்லை. மேலே யாருடைய முகம் அச்சாகியிருக்கிறது என்று பார்க்கும். மதிக்க வேண்டிய முகமாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒதுங்கி வடிந்துவிடும். இல்லையென்றால் நேரே உள்ளே இறங்கும். வெறும் நீலத் தார்ப்பாயை நம்பியவர்கள் வீட்டில் வெளியே பெய்வதைவிட உள்ளே சற்றுக் கூடுதலாகவே பெய்வது வழக்கம். அதனால் வைக்கோல் படப்போ செங்கல் அடுக்கோ டிராக்டரோ, எதை மூடுவதென்றாலும் ஊரில் ஃப்ளெக்ஸ் பேனரைத்தான் தேடுவார்கள்.

திருமலைக்கொழுந்துக்கு அந்த ஐப்பசியில் ஒரு முகம் அவசரமாகத் தேவைப்பட்டது.

ஊர்ப் பெரிய குளத்தில் மிதவைப் படகு விடுகிறவர் அவர். இரண்டு நீள உருளைகள், அவற்றின் மேல் பலகைத் தளம், சுற்றிலும் கம்பி, மெத்தை வைத்த இருக்கைகள், பின்னால் ஒரு எஞ்சின். ஐப்பசி பிறந்துவிட்டால் தை வரை படகு விடத் தடை. படகைக் கரையேற்றி வெட்டவெளியில்தான் போட்டுவைக்க வேண்டும். சென்ற ஆண்டு பேரூராட்சித் துணைத்தலைவர் ஒருவரைப் போர்த்தியிருந்தார். அகலமான முகம், குறை சொல்ல முடியாது. கார்த்திகை நடுவில் அவர் கட்சி மாறப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. பேச்சு அடிபட்ட அன்று தூறல் உள்ளே வந்தது. மாறிய அன்று கொட்டித் தீர்த்துவிட்டது. புதிய கட்சியில் அவருக்கு ஒரு பதவி கிடைப்பதற்குள் தளத்தில் பாதிப் பலகைகள் ஊறி, மெத்தைகளில் காளான் முளைத்திருந்தது.

இன்னொரு மழைக்காலம் நனைந்தால் படகு தேறாது. படகு போய்விட்டால் மனைவி பிரமுவின் தம்பி உலகநாதனுடைய சிமெண்டுக் கடையில் மூடை எண்ணப் போக வேண்டும். அதற்குக் கொழுந்து தயாராக இல்லை. வீட்டிலும் தெருவிலும் அவர் சொல்லி ஒரு துரும்பு அசைந்தது கிடையாது. படகில் மட்டும் அவர் சுக்கானைத் திருப்பினால் அத்தனை பேரும் அத்தனை இருக்கையும் சேர்ந்து திரும்பினார்கள். அந்த ஒரு சுகத்துக்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஃப்ளெக்ஸ் கடை சிவசைலம் வாய் நிறைய வரவேற்றார்.

"வாங்க அண்ணாச்சி. மழைக்கா, வெயிலுக்கா?"

"ரெண்டுக்குந்தான். தை மாசம் வரைக்கும் வெட்டவெளியில கெடக்கும்."

"காத்துக்கு?"

"காத்துக்கும்."

"காத்துக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது அண்ணாச்சி. அது மந்திரியத் தெரியாது, எந்திரியத் தெரியாது. அதுக்குக் கயிறுதான். வெயிலு மரியாதையான ஆளு, ஆனா சாயம் அடிச்ச தலமுடின்னா விட்டு வைக்காது. மத்ததப் பாப்போம்."

முதலில் ஒரு மந்திரியை விரித்துக் காட்டினார். சொட்டு இறங்காத சரக்கு. ஆனால் நிமிர்த்தி நிறுத்தித்தான் வைக்க வேண்டும். போன பங்குனியில் ஒருவன் அவரை மிளகாய் வற்றல் மேல் மல்லாக்க விரித்துவிட்டான். படுத்திருக்கிறாரே என்று பதறிப்போய்க் கட்சிக்காரர்கள் மேளத்தோடு வந்துவிட்டார்கள். மந்திரி உயிரோடுதான் இருக்கிறார், காலையில்கூட ஒரு பாலம் திறந்தார் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். வாங்கி வந்த மாலைகளை என்ன செய்வது என்று கேட்டார்கள். கடைசியில் அவர் மேலேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

"படகுன்னா படுக்கத்தான போடணும்" என்றார் கொழுந்து.

"அப்ப கண்ணீர் அஞ்சலி இருக்கு. படுக்கப் போட்டா ஒருத்தரும் கேக்க மாட்டான். மேல தண்ணி நிக்காது. ஆனா உள்பக்கம் அதுவாக் கசியும். அதும்போக, பதினாறாம் நாளோட பிள்ளைக சொத்தப் பிரிக்க ஆரம்பிச்சிரும். மழைக்கும் அதோட மரியாத விட்டுப்போவும்."

கல்யாண பேனர் தலைதீபாவளி வரை தாங்கும், பிறகு சரியாக நடுவில் கிழியும். கவுன்சிலர் பரவாயில்லை, ஆனால் அவருடைய செல்வாக்குக்குப் படகில் கால்வாசிதான் மூடும். மீதி இடத்தை வாழ்த்துகிறவர்களின் தபால்தலை முகங்களால் நிரப்ப வேண்டும். அந்த முகங்கள் வழியாக மழை ஆளுக்கொரு சொட்டாக இறங்கும். எஞ்சினுக்கு அது ஆகாது.

கொழுந்துக்கு முகம் வாடிப்போயிற்று. சிவசைலம் டீ சொல்லி அனுப்பிவிட்டு, டீயைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் கேட்டார்.

"நீங்களே ஏன் அண்ணாச்சி ஒரு தலைவரா வரப்பிடாது?"

"நானா? எதுக்குத் தலைவர்?"

"தென்மண்டல மிதவைப் படகு உரிமையாளர் பேரவை. நிறுவனத் தலைவர். இந்தப் பக்கத்துல வேற யாரும் இந்தப் படகு வச்சிருக்காங்களா?"

"இல்ல. நான் ஒருத்தன்தான்."

"பொறவென்ன? போட்டியே இல்ல. ஏகமனதாத் தேர்ந்தெடுத்துட்டோம்."

"மழை நம்புமா?"

"கூட்டம் எம்புட்டு, கொள்கை என்னன்னு அது ஆராயவா போவுது? மேல எழுதியிருக்கிறத வாசிக்கும், ஒதுங்கிரும். நம்மாளுக மாதிரிதான."

"படுக்கப் போடலாமா?"

சிவசைலம் அவரைக் கொஞ்ச நேரம் அன்போடு பார்த்தார். "ஒங்களப் படுக்கப் போட்டா யாரு அண்ணாச்சி கேக்கப்போறா?"

அது கொழுந்துக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் நியாயமாகத்தான் இருந்தது. அங்கேயே சுவரோரம் நிறுத்திப் போனில் படம் எடுத்தார்கள். நிறத்தை இரண்டு மூன்று படி ஏற்றினார்கள். கழுத்துக்குக் கீழே கடையில் எப்போதும் இருக்கும் வெள்ளைச் சட்டை உடம்பைப் பொருத்தினார்கள். மாவட்டத்தில் எல்லாத் தலைவர்களுக்கும் அந்த ஒரே உடம்புதான். கும்பிட்ட கை வேண்டாம், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தண்ணீர் தேங்கும் என்று சிவசைலம் தடுத்துவிட்டார். ஒரு கை தூரத்தில் எதையோ சுட்டிக்காட்டுவதுபோல் வைத்ததில் தண்ணீர் முழங்கை வழியாக ஓடிவிடும் என்று தெரிந்தது.

தலைவர் என்றால் நாலு பேர் வாழ்த்த வேண்டும் என்பதால் கீழே ஒரு வரிசைக்கு இடம் விட்டார்கள். பிரமு தபால்தலை அளவில் வர ஒப்புக்கொண்டாள். உலகநாதன் கறுப்புக் கண்ணாடியோடு, செயலாளர் என்று எழுதி, மற்றவர்களைவிட ஒரு விரல் பெரிதாகப் போட்டால்தான் வருவேன் என்று நின்று அப்படியே வந்தான். கசிவது தரையில் போகட்டும் என்று அந்த வரிசை படகுக்கு வெளியே தொங்கும்படி அளவு வைத்தார்கள்.

பேனர் வந்ததும் கொழுந்து ஒரு தாய்க்குரிய அக்கறையோடு அதை விரித்தார். நெற்றிக்குக் கீழே ஒரு மூங்கில், மார்புக்குக் கீழே ஒன்று. முட்டுக் கொடுக்காவிட்டால் பனித் தண்ணீர் கன்னத்தின் பள்ளத்தில் கூடிநின்று குறை சொல்ல ஆரம்பித்துவிடும். காற்றுப் போக இரண்டு பக்கமும் சாளரம்போல் வழி விட்டார். அடைத்து வைத்தால் முகம் பூசணம் பூக்கும், பூசணம் பூத்த தலைவரை மழை மட்டுமல்ல, கொசுகூட மதிக்காது. கடைசியில் கம்பிகளோடு சேர்த்து இழுத்துக் கட்டினார்.

முதல் மழை குளத்துக்கு அக்கரையிலிருந்து வந்தது. கொழுந்து டிக்கெட் கொட்டகையை ஒட்டி நின்றார். மழை படகுக்கு எதிரே வந்து நின்றது. எழுத்து எழுத்தாக வாசித்தது. நிறுவனத் தலைவர் என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கியது, பிறகு இரண்டாகப் பிரிந்து படகின் இரு பக்கமும் பணிவாகப் பெய்தது. படகு பொட்டுக்கூட நனையவில்லை. ஒதுங்கிய மழையில் பாதி கொட்டகைப் பக்கம் வந்து கொழுந்தின் தலையில் கொட்டியது. அவரை அதற்கு அடையாளம் தெரியவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் நனைந்தபடியே வீட்டுக்குப் போனார். அவ்வளவு சந்தோஷமாக அவர் நடந்து ஊர் பார்த்ததில்லை.

கார்த்திகையில் புயல் சின்னம் வந்தது, போனது. பேனர் அசையவில்லை. மழையே மதிக்கிற மனிதர் என்று ஊரில் பேச்சாயிற்று. யாரோ ஒரு மாலை போட்டார்கள். அடுத்த வாரம் தெருவிளக்கு எரியவில்லை என்று இரண்டு பேர் படகுக்கு எதிரே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். விளக்கு எரியவில்லைதான். ஆனால் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்டார் என்ற திருப்தி அவர்களுக்கு இருந்தது. அது பரவி, தினமும் காலையில் கூட்டம் சேர்ந்தது. உலகநாதன் ஒரு நாற்காலி போட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்தில் உட்கார்ந்து ஆட்களை ஒழுங்குபடுத்தினான்.

பிரமுவும் போய்வந்தாள் என்று தெரிந்தபோது கொழுந்துக்குத் தாங்கவில்லை.

"கேஸ் அடுப்பு கோளாறுன்னு அங்க போயி சொன்னியாமே? நான் வீட்லதான இருக்கேன்."

"ஒங்ககிட்டயும் சொன்னேன். பாத்துக்கிடுவோம்னு திரும்பிப் படுத்துக்கிட்டிய. அவரு மொகத்தத் திருப்பாமக் கேக்காரு."

"அது நான்தான்டி."

"யாரு இல்லன்னா?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

தை பிறந்தது, தடை நீங்கியது. வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் கட்டுச்சோறும் பந்தும் எடுத்துக்கொண்டு படகு ஏற வந்துவிட்டது. பலகை சுக்காய்க் காய்ந்து கிடக்கும், மெத்தை புதிதுபோல் இருக்கும் என்று கொழுந்துக்கு உள்ளங்கை துறுதுறுத்தது. முதல் முடிச்சில் கை வைத்தார். உலகநாதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தான்.

"அத்தான், என்ன பண்ணுதிய? தலைவர் மொகத்தக் கழத்தினா ஊரு சும்மா இருக்குமா? பஸ்ஸு ஓடாது, கட தொறக்காது."

"ஏலே, நான்தாம்ல தலைவர்!"

உலகநாதன் கண்ணாடியைக் கழற்றினான். அவருடைய தலையிலிருந்து செருப்பு வரை பார்த்தான். பிறகு பேனரைப் பார்த்தான். மறுபடியும் அவரைப் பார்த்தான். அவசரப்படவில்லை.

"சாயல் இருக்கு" என்று ஒப்புக்கொண்டான்.

கூட்டத்தில் நின்றவர்களும் சாயல் இருப்பதாகவே சொன்னார்கள். மூக்கைச் சொன்னார்கள். உடம்புதான் ஒத்துவரவில்லை என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். வெளியூர்க் குடும்பம் மாலை போட்டிருந்த படகின் எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போயிற்று.

"ஒங்களுக்குப் படகு வேணும்னா தலைவர்கிட்டயே ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பல்லாம் திங்கக்கெழம காலைலதான் மக்களப் பாக்காரு. அது வரைக்கும் கடயப் பாத்துக்கிடுங்க அத்தான். பேரவை வேலையே எனக்குச் சரியா இருக்கு, அங்க மூடை எண்ண ஆளில்ல" என்றான் உலகநாதன்.

கொழுந்து போய் மூடை எண்ணினார். எத்தனை முறை எண்ணினாலும் அவை திரும்பவில்லை, அசையவுமில்லை. மத்தியானம் சிமெண்டுத் தூசியோடு சேர்த்துச் சோற்றைத் தின்றார். அவருக்கு அழுகை வந்தது, கடையில் ஆள் இருந்ததால் தும்மினார்.

திங்கட்கிழமை வேட்டி சட்டையைத் துவைத்து உடுத்திக்கொண்டு வரிசையில் போய் நின்றார். அவருக்கு முன்னால் குளம் நின்றுகொண்டிருந்தது. விடியும் முன்னே கரையேறி வந்திருக்க வேண்டும், ஓரமெல்லாம் அல்லி இலை ஒட்டியிருந்தது. உள்ளே கெண்டைகள் சத்தம் போடாமல் நீந்திக்கொண்டிருந்தன.

"ரொம்ப நேரமா நிக்கியளா?" என்று கேட்டார்.

"போன திங்கக்கெழமயே வந்தேன்" என்றது குளம். "பாக்க முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. படகு எறங்காம எனக்கும் சும்மா கெடக்க முடியல பாத்துக்கிடுங்க. நீங்க எதுக்கு வந்திய?"

"நானும் அதுக்குத்தான்."

"அப்ப சேந்தே சொல்லிருவோம்" என்றது குளம்.

வரிசை நகர்ந்தது. குளம் ஓரடி முன்னால் போயிற்று. கொழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரடி முன்னால் போனார்.