இரண்டாம் பாகத்தின் ஓட்டை

சினிமாவில் ஓட்டை கண்டுபிடிப்பதில் திண்டிவனத்தில் எனக்கு இணையாக ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, சொல்லிக்கொள்ள வேறொன்றும் என்னிடம் இல்லை. எங்கள் யூடியூப் சேனலில் படத்தின் நல்லதை என் மனைவி மலர்விழி சொல்வாள், ஓட்டையை நான் சொல்வேன். விழுப்புரத்தில் முதல் காட்சி முடிந்த கையோடு, தியேட்டர் பார்க்கிங்கிலேயே காருக்குள் உட்கார்ந்து பேசுவோம். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும் என்று இரண்டு போனையும் ஃப்ளைட் மோடில் போட்டுவிடுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்தக் காலப்பயணப் படத்தின் முதல் பாகம் வந்த அன்றும் அப்படித்தான் பேசினோம். அன்று காலையில், படம் விட்டு வெளியே வந்ததும், ஒலக்கூரிலிருந்து என் மாமனார் வெங்கடாசலம் மலருக்கு போன் செய்து, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கிறது என்றிருக்கிறார். உடனே ஒலக்கூர் போகலாம் என்றாள் மலர்.

"வாயுவா இருக்கும். ரிவ்யூ எடுத்துட்டு நேரா அங்கதான போறோம்" என்றேன்.

பேசி முடித்து ஃப்ளைட் மோடை எடுத்ததும், தவறிய அழைப்புகள் பதினேழு என்று மெசேஜ் வந்தது. கடைசி அழைப்பு மாமனாரின் பக்கத்து வீட்டுக்காரருடையது. திருப்பி அழைத்தபோது அவர்தான் மாமனார் இறந்துபோன விஷயத்தைச் சொன்னார்.

அதற்குப் பிறகு மலர் கேமரா முன் உட்காரவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சோறு ஆறுகிறது, கேஸ் தீர்ந்துவிட்டது, இவ்வளவுதான் எங்கள் பேச்சு. நல்லதையும் நானே சொல்லிப் பார்த்தேன், வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை இரண்டாம் பாகம் வந்தது. "நானும் வர்றேங்க" என்றாள். அவள் மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசினால் போதும், இந்த ஒரு படத்துக்கு ஓட்டையே சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

படம் ஆரம்பித்த பிறகுதான் கதை என்னவென்று தெரிந்தது. செத்துப்போன அப்பாவைக் காப்பாற்ற ஹீரோ பழைய நாளுக்குத் திரும்பிப் போகிறான். டிரெய்லரில் இதைக் காட்டவே இல்லை. ஒருமுறை ஆம்புலன்ஸை முன்கூட்டியே அழைக்கிறான். ஒருமுறை ரயில்வே கேட்டை மூடவிடாமல் தடுக்கிறான். இன்னொருமுறை டாக்டரைக் கையோடு இழுத்து வருகிறான். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் தாமதம். மலர் பக்கம் திரும்பவே எனக்குப் பயமாக இருந்தது.

காரில் ஏறியதும் அவளே பேச ஆரம்பித்தாள். "அப்பாவா நடிச்சவரு கண்ணுலயே நிக்கிறாரு. மூணு தடவையும் அதே சாவுதான், ஆனா மூணு தடவையும் வேற மாதிரி வலிக்குது. அது லேசு இல்ல." பழைய மலர் திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். என் முறை வந்தது.

"ஓட்டைன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல" என்றேன்.

"இருக்குதுங்க" என்றாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. "காலைல அந்தப் பெருசு போன் பண்ணி வாடான்னு கூப்புடுதே, அந்த நேரத்துக்கு மட்டும் ஏன் அவன் போவல? வேலையப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருந்தா மெஷினே வேணாமே."

இடைவேளைக்கு முன்பே நான் அதைப் பிடித்துவிட்டேன். பார்த்த ஓட்டைகளிலேயே பெரியது அதுதான்.

"அவனுக்குத் தோணியிருக்காது."

"தோணியிருக்கும். அந்தக் காலைக்குப் போனா கேட்டையும் ஆம்புலன்ஸையும் கொற சொல்ல முடியாதே." என் பக்கம் திரும்பினாள். "எனுக்கும் அன்னிக்கு பஸ் இருந்திச்சு. நீங்க வர்லன்னா நான் ஒருத்தியாவது ஏறிப் போயிருக்கலாம். ரெண்டு வருசமா உங்களையே கொற சொல்லிக்கினு இருந்தேன், மனசுக்குள்ள."

தப்பு என்னுடையது என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். காரைக் கிளப்பினேன்.

விக்கிரவாண்டி தாண்டியும் அவள் பேச்சு நிற்கவில்லை. அன்று காலை அப்பா போனில் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்க ஆள் கிடைக்கவில்லை என்றது, மாத்திரை போட்டுக்கொண்டது, எல்லாம். கடைசியில் அவர் சொன்னதை இதுவரை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

"'மாப்ளைக்கு வேல இருந்தா முடிச்சிக்கினே வாங்கம்மா, அவர பேஜாரு பண்ணாத'ன்னாரு."

ரோடு தெரியவில்லை. காரை ஓரங்கட்டினேன்.