பெண்பிள்ளைகளும் தண்ணீர் குடிக்கட்டும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி வெயில். மத்தியான மணி அடித்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். கூடத்தில் பானை நிறையத் தண்ணீர் இருந்தது. தொண்டையில் சோறு அடைத்தால் ஒரு மடக்கு குடிப்பார்கள், அவ்வளவுதான்.

காரணத்தைச் சொல்ல வெட்கப்பட வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்ல. பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கிடையாது. காலையில் வீட்டில் ஒதுங்கினால் மறுபடி சாயங்காலம்தான். வாசலுக்குத் தேக்குக் கதவு, ஸ்கூல் இன்ஸ்பெக்டர் துரை வந்தால் உட்காரத் தனி அறை என்று யோசித்து யோசித்துக் கட்டிய பெரிய மனிதர்களுக்கு இது மட்டும் தோன்றவில்லை!

எட்டாம் வகுப்பு தேவகிருபைக்கு ஒரு வாரமாக நீர்க்கடுப்பு. பரீட்சை நெருங்குகிறதே என்று வெளியே சொல்லாமல் வந்துகொண்டிருந்தாள். எட்டாவது தேறினால் டீச்சர் டிரெயினிங் போகலாம் என்பது அவள் ஆசை. அன்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே காய்ச்சலில் மயங்கிச் சரிந்தாள். தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி வந்த வினை என்றார் டாக்டர்.

அவள் அம்மா அன்னத்தாய் நேரே பள்ளி நிர்வாகி தேவஇரக்கத்திடம் போய் நின்றாள்.

"பிள்ளைக்கு உடம்பு ஏலலன்னா வீட்டுல வச்சுக்கம்மா. பொம்பளப் பிள்ளை படிச்சது போதும்," என்றார் அவர்.

"நல்லா இருந்த பிள்ளை இங்க வந்துதானே ஐயா சீக்காளியாப் போச்சு! ஒரு கக்கூஸ் கட்ட உங்களுக்கு எம்புட்டு நாளாகும்?"

"பள்ளிக்கூடத்துல பேசுற பேச்சா இது?" என்று முகம் சுளித்தார் நிர்வாகி.

பக்கத்தில் நின்ற ஏசம்மாள் டீச்சருக்குச் சுருக்கென்றது. பிள்ளைகள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். அவரும் குடிப்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தான் பழகியது போலப் பிள்ளைகளும் பழகட்டும் என்று இருந்துவிட்டார். இப்போது தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

மறுநாள் காலை பானையை வகுப்புக்குள் கொண்டுவந்து வைத்தார். "ஏட்டி, எல்லாரும் வயிறு நிறையக் குடிங்க. பொறவு நடக்கிறதை நான் பாத்துக்கிடுறேன்."

செத்த நேரத்தில் பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். அவர்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு, அடுத்த சந்தில் இருந்த நிர்வாகியின் வீட்டுக்கே போனார்.

வாசலில் காப்பி டம்ளரோடு நின்ற தேவஇரக்கம் பதறிப்போனார். "என்ன டீச்சர், எங்க வாரீங்க?"

"உங்க வீட்டுக் கக்கூஸுக்குத்தான் ஐயா. பள்ளிக்கூடத்துல ஒண்ணு கட்டுற வரைக்கும் தினமும் வருவோம்."

"தெருவே பாக்குது, மானம் போகுது! உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேலையை வேணும்னா எடுத்துக்கங்க. மானத்துக்குப் பயந்துதான் இந்தப் பிள்ளைக நோயை வாங்கிக்கிட்டு இருந்தாக. உடம்பைக் கெடுத்துட்டுக் குடுக்குற படிப்பு படிப்பே இல்ல ஐயா. முதல்ல பிள்ளைகளை மனுசராப் பாருங்க, பொறவு பாடம் நடத்தலாம். இப்ப வழியை விடுங்க, அதுக பொறுக்காது!"