அப்பாவின் கடையில் இல்லாத மாத்திரை

என் அப்பா வைத்தீஸ்வரன் முடிச்சூர் ரோட்டில் ஒரு மெடிக்கலில் பதினெட்டு வருஷமாக வேலை பார்த்தார். எந்த டாக்டரின் கிறுக்கலையும் தடுமாறாமல் படிப்பார். ஆனால் கருத்தடை மாத்திரை கேட்டு ஒரு பெண் வந்தால் மட்டும், முதலில் அவள் கழுத்தைப் பார்ப்பார். தாலி இல்லையென்றால், "ஸ்டாக் இல்லம்மா." வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாக வேறு சொல்லுவார்.

2006-இல் நான் பிளஸ் டூ. நாலு மாசமாக வராத பீரியட்ஸ் ஒருநாள் வந்தது. வந்தது பத்தொன்பது நாள் நிற்கவில்லை. வகுப்பில் மயங்கி விழுந்த பிறகுதான் அம்மா என்னை லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஸ்கேன் பார்த்துவிட்டு அவர் எழுதியது அதே மாத்திரை.

"கருத்தடைக்குக் குடுக்கிறதுதான். உனக்கு பீரியட்ஸ் ஒழுங்காகணும்னு குடுக்கறேன், மூணு மாசத்துக்கு. பயப்படாதே தீபா" என்றார்.

நான் பயந்தது மாத்திரைக்கா? அம்மாவுக்கும் அதே பயம்தான். "அப்பாவுக்குத் தெரிய வேணாம். பெருங்களத்தூர்ல போய் வாங்கிக்கோ" என்றாள்.

சனிக்கிழமை காலை தனியாகப் போனேன். கடைக்காரர் சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. மாத்திரை பெயரைக் கேட்டதும் என் கழுத்தைப் பார்த்தார். "ஸ்டாக் இல்லம்மா." அவருக்குப் பின்னாலேயே இரண்டாவது தட்டில் அந்த டப்பா இருந்தது. மெடிக்கல்காரர் மகளுக்கு அந்த டப்பா தெரியாதா? அப்பாவே எதிரில் நின்று சொன்ன மாதிரி இருந்தது. அழுகையும் ஆத்திரமுமாக பஸ் ஏறினேன்.

மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் தட்டுக்குப் பக்கத்தில் சீட்டை வைத்தேன். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருக்குடி இது?"

"மேல பேர் எழுதியிருக்கேப்பா."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "உனக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால் நான் அவரோடு ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டேன்.

"பத்தொன்பது நாள் ரத்தம் போச்சு. ஸ்கூல்ல விழுந்தது அதனாலதான். வெயில்னு உங்ககிட்ட பொய் சொன்னோம்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் மருந்துக் கடையிலதானே இருக்கேன்?"

"அதனாலதான் சொல்லல. அந்த மாத்திரை கேக்கற பொண்ணுங்கள நீங்க எப்படிப் பாப்பீங்கன்னு தெரியும். இன்னைக்கு ஒருத்தர் என்னை அப்படிப் பாத்தாருப்பா. ஸ்டாக் இல்லன்னு அனுப்பிட்டாரு."

"சீட்டு இருந்துமா?"

"நீங்க மட்டும் வாங்கிப் பாப்பீங்களா?"

அப்பா பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு, "வா" என்றார்.

கடையில் முதலாளி பத்ரிநாராயணன் கல்லாவில் இருந்தார். மருந்து வாங்க மூன்று பேர் நின்றிருந்தார்கள். அப்பா உள்ளே போய் அட்டையை எடுத்தார். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு வைத்தி?"

பெண்டாட்டிக்கு என்று சொல்லிவிட்டால் போதும், விஷயம் முடிந்தது. அப்படியே சொல்லிவிடுப்பா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். ரோட்டில் இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

"என் பொண்ணுக்கு சார்" என்றார் அப்பா.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. "தினம் ஒண்ணு, ஒரே நேரத்துல போடணும். மறக்கக் கூடாது" என்று வாடிக்கையாளரிடம் சொல்வது போலவே சொன்னார். அட்டையை என்னிடம் நீட்டினார். பிறகு, கடைக்கு வருகிறவர்கள் எல்லோரையும் வலிக்குதா என்று கேட்கிற மனுஷர், என்னை முதல்முறையாகக் கேட்டார்.

"ரொம்ப வலிச்சுதாம்மா?"

அத்தனை பேர் முன்னால், "ரொம்ப வலிச்சுதுப்பா" என்றேன்.