நீச்சல் வகுப்புக்குக் கட்டிய உயரம்

எங்கள் ஊர் நீச்சல் வகுப்பில் கட்டணத்தை உயரமாகத்தான் வாங்குவார்கள். பெற்றோரின் உயரம். பணத்தை நீட்டினால் பயிற்சியாளர் ரொசாரியோ முகம் சுளிப்பார்.

விஜயதசமி அன்று பிள்ளையைச் சேர்த்தால் சலுகை உண்டு. ஒரு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டினால் இன்னும் சலுகை. தள்ளுபடி என்று கேட்டால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. மகள் நறுமுகைக்காக மொத்தமாகக் கட்டிவிட்டேன். வீடு திரும்பும்போது பேன்ட் தெருவைக் கூட்டிக்கொண்டு வந்தது. மனைவி கோமளா பேன்ட்டை மடித்துத் தைத்தாள். காப்பித்தூள் டப்பாவைக் கீழ்த்தட்டில் மாற்றி வைத்தாள்.

பெற்றோர் பெஞ்சில் எங்கள் யாருடைய காலும் தரையைத் தொடாது. மடியில் துண்டும் பிஸ்கட் பாக்கெட்டும் வைத்துக்கொண்டு காலை ஆட்டியபடி உட்கார்ந்திருப்போம். மும்தாஜ் அக்காவுக்கு இரண்டு பையன்கள் என்பதால் அவரைத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். பெரியவன் மாநில அளவில் ஜெயிப்பான் என்பார். குரல் மட்டும் குறையவில்லை.

நறுமுகை தண்ணீரில் இறங்கவே இல்லை. மாதக்கணக்கில் கரையிலேயே நின்றாள். அவள் நிற்க நிற்கக் குளம் நீண்டுகொண்டே போனது. இப்போதெல்லாம் எதிர்க்கரை தெரிவதில்லை. பிள்ளைகளின் சத்தம் மட்டும் வரும்.

ஒருநாள் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் தோளுக்குத்தான் இருந்தேன்.

"பயமா இருக்கா பாப்பா?"

"முதல் நாள்லேர்ந்தே."

"ஏன் சொல்லல?"

"நீங்க குட்டியாயிட்டீங்கல்ல. அப்புறம் எப்டிப்பா வேணாம்னு சொல்றது?"

இதற்காகவா பிள்ளை இத்தனை நாள் வாயைத் திறக்காமல் நின்றது. என் சலுகையில் இடி விழ.

ரொசாரியோவிடம் உயரத்தைத் திருப்பிக் கேட்டேன். கட்டியது கட்டியதுதான் என்றார். மீதி வகுப்புகளையும் வீணாக்கக் கூடாதாம். வீட்டில் யாராவது ஒருவர் நீந்தியே ஆக வேண்டுமாம். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"சின்னப் பிள்ளைங்க பேட்ச்ல எறங்கிக்கிடுங்க சார்."

எனக்கும் தண்ணீர் என்றால் பயம். முதல் தடவையாக அதை மகளிடம் சொன்னேன். அவள் தன் நீச்சல் கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள். அளவு சரியாக இருந்தது. பிறகு போய்ப் பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்தாள். மும்தாஜ் அக்கா நகர்ந்து இடம் விட்டார். ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார்.

இறங்கினேன். மூழ்கினேன். மூக்கெல்லாம் தண்ணீர். மேலே வந்து மறுபடி மூழ்கினேன். காலை உதைக்கச் சொல்லி நறுமுகை கத்துவது கேட்டது. உதைத்தேன். எப்படியோ மிதந்துவிட்டேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவள் பெஞ்சின் மேல் ஏறி நின்று ஒவ்வொருவரிடமும் என்னைக் கைகாட்டிக்கொண்டிருந்தாள்.

"அதான் எங்க அப்பா."