கடைசி பஸ்ஸுக்கு முன் ஒரு கல்யாணம்

சேந்தமங்கலத்தில் தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்திருந்த விமல்ராஜுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியிருந்தது. குழந்தைகுட்டியோடு பார்க்கிற படம் என்று நம்பிப் போட்டிருந்தான். கொல்லிமலையிலிருந்து சனம் வரத்தான் செய்தது. ஆனால் மத்தியான ஆட்டத்தில், கதாநாயகி கழுத்தில் தாலி ஏறப்போகிற நேரம் பார்த்துப் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடுகிறது. இந்தப் படம் தேறாது, வெள்ளிக்கிழமை தூக்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினான்.

அன்றைக்கும் அப்படித்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே ஓடிய பாப்பாயியை வாசலில் மறித்தான்.

"ஏனுங்க, படம் அவ்வளவு மோசமாங்க?"

"நல்ல படமுங்க. மலைமேல வளப்பூருக்குக் கடைசி பஸ் போயிருமுங்க. கல்யாணம் நடந்துச்சான்னு நீங்களே சொல்லிருங்க!"

விமல்ராஜ் படத்தைத் தூக்கவில்லை. மத்தியான ஆட்டத்தை ஒரு மணி நேரம் முன்னதாகவே தொடங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை கூடுதல் நாற்காலி போட வேண்டியதாயிற்று. இடைவேளையில் போண்டாவுக்கு எல்லோரும் முண்டியடித்ததில், மறுபடி படம் ஓட்டவே தாமதமாகிவிட்டது. தாலி கட்டுவதற்குள் பஸ் நேரம் வந்துவிட்டது. விமல்ராஜ் பதறிப்போய் உள்ளே ஓடினான்.

"பஸ் போயிருமுங்க, எந்திரிங்க!"

ஒருவரும் அசையவில்லை.

"சும்மா இருங்க சாமி," என்று அதட்டினாள் பாப்பாயி. "டிரைவரண்ணன் இங்கதான் இருக்காரு."

பக்கத்து நாற்காலியில், அவள் பிள்ளையை மடியில் வைத்தபடி, காக்கிச் சட்டைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.