சிலுவையக்கா பாத்துக்கும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எங்கள் குப்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும், பொய் இல்லை. ஆனால் இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் செப்டம்பர் மாதம், ஒரு நாள் பதினோரு மணி வெயிலில், அந்தப் பாழாய்ப்போன கோபம் எங்கே போய்த் தொலைந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்றைக்குத்தான் அது வந்திருக்க வேண்டும்.

என் பெயர் எல்சி. திருவொற்றியூரில் ஒரு பக்கம் அலைக்குப் பயந்து கல் கொட்டிய கரை, இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் ரோடு. இரண்டுக்கும் நடுவே எங்கள் குப்பம். அங்கே நான் ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தேன். மீன் விற்கும் பெண்கள் விடிவதற்கு முன்பே காசிமேட்டு ஏலத்துக்குப் போயாக வேண்டும். கூடை காலியாகி வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிடும். அதுவரை குழந்தையை என்ன செய்வது? காப்பகம் வருவதற்கு முன்னால் பவுனம்மாள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். மகள் மாயாவின் இடுப்பில் பழைய புடவையைச் சுற்றி, மறு நுனியைக் கட்டில் காலில் கட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணம் பொரி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவாள். புருஷன் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டாமல் விட்ட ஒரு வீட்டுக் குழந்தை லாரி ரோடு வரைக்கும் நடந்தே போயிருக்கிறது.

காப்பகத்தின் வாடகை, பால், இரண்டு ஆயாக்களின் சம்பளம் எல்லாம் ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தன. சுனாமிக்குப் பிறகு ஏற்பட்ட உறவு அது. சுரங்கம் மூடிப்போய் ஆண்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் ஊர். பல நாடுகள் சேர்ந்த அவர்களுடைய ஒன்றியம், பின்தங்கிய பகுதி என்று அந்த ஊருக்கு வளர்ச்சி நிதி கொடுத்தது. ஊர் ஜனம் கூடும் பொதுமையத்தின் செலவை அந்த நிதியே பார்த்துக்கொண்டதால், ஊர்ச் சங்கம் தான் வசூலித்ததை எங்களுக்கும், இதே மாதிரி காப்பகங்கள் இருந்த கொருக்குப்பேட்டைக்கும் வியாசர்பாடிக்கும் அனுப்ப முடிந்தது. ஏழை கொடுத்த காசு என்பதால் எனக்கு அதை வாங்கக் கூச்சமே இருந்ததில்லை.

அந்தச் சங்கத்தின் மார்த்தா அம்மாவிடமிருந்து ஆகஸ்டில் கடிதம் வந்தது. காப்பக வாசலில் பெண்களை உட்கார வைத்துத் தமிழில் சொன்னேன். ஒன்றியத்தில் பத்து நாடுகள் புதிதாகச் சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் இன்னும் ஏழை நாடுகள். அதனால், யார் பின்தங்கியவர் என்று அளக்கும் வருமானச் சராசரி கீழே இறங்கிவிட்டது. அடுத்த வருஷம் நிதி முறையையே மாற்றுகிறார்கள். சராசரி இறங்கியதால் மார்த்தாவின் ஊர், ஒரு காசு கூடச் சம்பாதிக்காமலே, பின்தங்கிய பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. இனிமேல் பொதுமையத்தை அவர்களே நடத்த வேண்டும். எங்கள் மூன்று இடங்களில் ஒன்றுக்குத்தான் அனுப்ப முடியும்.

பவுனம்மாள் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினாள். "இன்னாக்கா கணக்கு இது? புச்சா வந்தவன் நம்மளவிட பஞ்சத்துல கீறான்னா, நாம பணக்காரன் ஆயிடுவமா?"

"ஆயிட்டாங்களாம்" என்றேன்.

"நல்லா கீது போ."

எந்த இடத்தில் குழந்தைகளுக்கு வேறு வழியே இல்லையோ அந்த இடத்துக்குத்தான் உதவி என்று முடிவாம். பார்க்க மார்த்தாவே வருகிறார். முதல் நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "இருக்கறத இருக்கற மாதிரியே சொல்லுங்கடி. அந்தம்மா வந்தா கடன் வாங்கி சேர் போடாதீங்க, கலர் சோடா வாங்கி ஊத்தாதீங்க. புள்ளையைக் கட்டிப்போட்டதச் சொல்லு பவுனு. வெக்கப்படாத." எல்லோரும் தலையாட்டினார்கள். பவுனம்மாள் என் கையைப் பிடித்து, "எனுக்கு இன்னா வெக்கம்? என் கொயந்த நல்லா இருந்தா போதும்" என்றாள். நானும் நம்பினேன். அவளும் அப்போது உண்மையாகத்தான் சொன்னாள்.

மறுநாள் மார்த்தா வந்தார். அவருக்காகப் பெண்கள் அன்று ஏலத்துக்குப் போகவில்லை. அறுபது வயது, வெயிலில் சிவந்த முகம், கையில் அட்டையில் செருகிய படிவம். நான் மொழிபெயர்த்தேன். சேர் வரவில்லை, கலர் வரவில்லை. என் பேச்சைக் கேட்டிருந்தார்கள். ஆனால் கேள்வி கேட்ட இடம் தெரு. வெள்ளைக்காரம்மா வந்தால் தெருவே வாசலில் நிற்காமல் என்ன செய்யும்? அதை நான் யோசிக்கவில்லை.

பவுனம்மாள் தன் வருமானம் சொன்னாள், புருஷன் போனதைச் சொன்னாள். கடைசிக் கேள்வி வந்தது. காப்பகம் மூடிவிட்டால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

பவுனம்மாள் வாயைத் திறந்தாள். பிறகு பக்கத்து வாசலைப் பார்த்தாள். அங்கே சிலுவையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றிருந்தாள். இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். மாயா பிறந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள். பவுனம்மாளின் புருஷனைத் தேடிக் கரையில் மூன்று நாள் கூடவே உட்கார்ந்திருந்தவள். அவளை எதிரே நிற்க வைத்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம், "எம் புள்ளையைப் பாக்க யாரும் இல்ல" என்று எங்கள் தெருவில் எவளாவது சொல்வாளா? செருப்பால் அடித்ததற்குச் சமம்.

"இன்னா இப்டி கேக்குது இந்தம்மா?" என்றாள் பவுனம்மாள். "தோ சிலுவையக்கா கீது. அது பாத்துக்கும்."

"பின்ன, நான் பாக்காம?" என்றாள் சிலுவையம்மாள்.

அப்படியே சொன்னேன் ஆங்கிலத்தில். மார்த்தா எழுதிக்கொண்டார். அடுத்த வீடு செங்கொடி. "சிலுவையக்கா பாத்துக்கும்." அதற்கடுத்தது பச்சையம்மா. அவளும் அதையேதான் சொன்னாள். எட்டு வீட்டில் ஐந்து வீடு சிலுவையம்மாள் பெயரைச் சொன்னது, மற்ற மூன்றும் வேறு யாரையாவது காட்டின. ஒவ்வொருத்தி தன் பெயரைச் சொல்லும்போதும் சிலுவையம்மாள் தலையை ஆட்டினாள். படிவத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் 'மாற்று ஏற்பாடு உண்டு' என்று டிக் விழுந்தது.

மார்த்தாவுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நின்று, என்னிடம் தனியாகக் கேட்டார். "இது உண்மையா? நிஜமாகவே பார்த்துக்கொள்வார்களா?"

தெரு முழுக்க என் வாயைப் பார்த்தது. இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, எஸ்ஸும் நோவும் யாருக்குத் தெரியாது? சிலுவையம்மாளின் புருஷன் அம்புரோஸ் துறைமுகத்தில் மூட்டையோடு விழுந்து இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடப்பது எனக்குத் தெரியும். அவள் இறால் உரித்தால்தான் அந்த வீட்டில் உலை வைக்க முடியும், விடிகாலையில் அவளும் வீட்டில் இருக்க மாட்டாள் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே, "எஸ்" என்றேன்.

ஆட்டோவில் ஏறியதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சத்தியமாக இருந்தேன். ராயபுரம் தாண்டும்போது, "மார்த்தா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தும்விட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. சுரங்கம் மூடியதோடு எல்லாம் போயிற்று. உங்கள் தெருவைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது" என்றார். என் மனசு குளிர்ந்துபோயிற்று. காலமெல்லாம் 'பாவம், குப்பத்து ஜனம்' என்றே கேட்டுக் கேட்டுப் புளித்த காது. முதல்முறையாக ஒருத்தி எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். அந்தப் பெருமையில் வாயை மூடிக்கொண்டேன். கழுதை நான். கழுதைக்குக்கூட அவ்வளவு பெருமை இருக்காது.

உதவி கொருக்குப்பேட்டைக்குப் போயிற்று. அங்கே வீட்டு வாசலிலேயே தண்டவாளம். அவர்களிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வராது. ஆனாலும் மார்த்தாவுக்குக் கடிதம் எழுதினேன், எல்லாவற்றையும். பதில் மரியாதையாக வந்தது. சங்கம் முடிவெடுத்துவிட்டது, தொகை ஒதுக்கியாயிற்று, அன்றே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டிருந்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

டிசம்பர் கடைசியோடு காப்பகத்தை மூடினோம். ஆயாக்கள் அழுதார்கள். நான் பாயைச் சுருட்டி, பால் டம்ளர்களைச் சாக்கில் போட்டு, சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். பெண்கள் தங்களுக்குள் ஏதாவது பேசி வைத்திருப்பார்கள், முறை போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். பவுனம்மாள் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். பத்தடி அறை. சுவரோரக் கட்டிலில் அம்புரோஸ் அண்ணன். தரையில் ஐந்து குழந்தைகள். நடுவில் சிலுவையம்மாள் ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து, வரிசையாக வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஷெட்டுக்குப் போவலயாக்கா?"

"வுட்டுட்டேன்."

"எப்போ?"

"புள்ளைங்க வந்த அன்னிக்கே. அஞ்சையும் வுட்டுட்டு எப்டிம்மா போறது?"

அப்போது வந்தது என் கோபம். நாலு மாசம் லேட்டாக. "உனக்கு அறிவு கீதா? யாரைக் கேட்டு வுட்ட? அவளுங்க அந்தம்மா முன்னாடி மானத்துக்காக ஒரு வார்த்தை சொன்னாளுங்க. அத்தப் போயி நெசம்னு எடுத்துக்குவியா? அண்ணன் மருந்துக்கு இன்னா பண்ணுவ? அடுப்புல இன்னாத்த வெப்ப?" கத்தினேன். ஒரு குழந்தை பயந்து அழுதது. தெருவில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

சிலுவையம்மாள் அழுத குழந்தையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நானும் அப்டிதான் நெனச்சேன் எல்சி. வாய் வார்த்தைதானேன்னு. ஆனா அந்தம்மா கடைசியா உன்னியத்தானே கேட்டுச்சு? நீ படிச்சவ. எங்க எல்லாரையும் அறிஞ்சவ. நீயே ஆமான்னுட்ட. அப்றம் நான் எப்டி மாட்டேன்றது?"

கட்டிலிலிருந்து அம்புரோஸ் அண்ணன் தண்ணீர் கேட்டார். அவளுக்குக் கை ஒழியவில்லை. மறுபடியும் கேட்டார். நான் குழந்தைகளைத் தாண்டிப் போய், குடத்திலிருந்து மொண்டு, அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கவைத்தேன்.

"நாளைக்கும் வருவியாம்மா?" என்று கேட்டார்.

"வரேண்ணே" என்றேன்.