பதினெட்டு மாசத்துக்குள்ளே

சங்கிலியம்மாள் நாயின் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்து, கட்டை விரலை அதன் முன்பற்களின் மேல் ஓட்டினாள். சீக்கிரம் பார்த்தாக வேண்டும். எதிரே ஆண்டிபட்டி டீக்கடையில் முதலாளியும் டிரைவரும் நின்றுகொண்டிருந்தார்கள். கிளாஸைக் கீழே வைத்தால் அடுத்த நிமிடம் ஜீப்புக்கு வந்துவிடுவார்கள்.

பற்களின் முனை மழுங்கியிருந்தது. இளம் நாய்க்கு இப்படி இருக்குமா? அவளுக்குத் தெரியவில்லை. நாற்று முடியைக் கையில் கொடுத்தால் எத்தனை நாள் நாற்று என்று சொல்லிவிடுவாள். நாய்ப் பல் பழக்கமில்லை.

நாய் முரண்டு பிடிக்காமல் நின்றது. வேறு யாராவது அதன் வாயில் கை வைத்திருந்தால் விரல் மிஞ்சியிருக்காது.

அவள் மடியில் ஒரு வாழை இலைப் பொட்டலம் இருந்தது. உள்ளே ஆட்டு ஈரல். அதைக் கீறி, பயிருக்கு அடிக்கிற பூச்சி மருந்தை ஊற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

இந்த நாய்தானா, இல்லையா? அது தெரிந்தால் போதும். இதுதான் என்றால் இன்றைக்கு இது உயிரோடு போடிக்குத் திரும்பாது.

"என்னக்கா, வாய்க்குள்ள என்ன புதையலா தேடுற?" டிரைவர் பொன்னுராஜ் பின்னால் நின்றான்.

"முள்ளு குத்திருச்சோன்னு பார்த்தேன்."

"நமக்குத்தான் முள்ளு குத்தும். இவுக கறி தின்னுட்டு ஜீப்புல வாறவுக."

முதலாளி வைகுண்டராஜ் முன் சீட்டில் ஏறினார். ஜீப் மதுரையைப் பார்த்துப் பறந்தது.

சங்கிலியம்மாளின் புருஷன் வீரணன், போடிமெட்டுக்கு மேலே வைகுண்டராஜின் ஏலக்காய் எஸ்டேட்டில் நாய்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தான். ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு கோம்பை இனத்து வேட்டை நாய் அவன் கழுத்தைக் குதறிவிட்டதாகத் தகவல் வந்தது. சின்னமனூரிலிருந்து அவள் விழுந்தடித்துப் போய்ச் சேர்ந்தபோது, தலையிலிருந்து நெஞ்சு வரை வேட்டியால் சுற்றி வைத்திருந்தார்கள்.

"அவுக்க வேணாம் ஆத்தா, உன்னால தாங்க முடியாது. அந்த நாயை என் கையாலயே சுட்டுப் புதைச்சுட்டேன்" என்று சொல்லி வைகுண்டராஜ் அழுதார். ஏட்டு ஒருவர் வந்து, முதலாளி சொன்னதைக் கேட்டுவிட்டு மலை இறங்கினார். சாயங்காலமே எரித்தாகிவிட்டது.

போன மாதம் எஸ்டேட்டிலிருந்து இந்த நாயை முதலாளியின் போடி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். புதுக் குட்டி, வளர்த்தி ஜாஸ்தி என்றார்கள். செந்நிறம், கறுத்த வாய். கோம்பை நாய் எல்லாமே அப்படித்தான். ஆனால் இது வண்டியை விட்டு இறங்கியதும், அங்கே கூலிக்கு வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அவளிடம் நேராக வந்தது. சேலைக்கு மேல் அவள் மாட்டியிருந்த வீரணனின் பழைய சட்டையில் மூக்கை வைத்து முனகியது. அவளுக்கு மட்டுமே அது அடங்கியதால், அதைப் பிடிக்கிற வேலையும் அவள் தலையில் விழுந்தது.

வீரணன் வாடை தெரிந்த நாய். அவன் செத்த பிறகு பிறந்த நாய்க்கு அது எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. வீரணன் எந்த நாயையும் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவான். அதற்கு எந்த நாயும் திரும்பும்.

மதுரை மைதானத்தில் நாய்க் கண்காட்சிக்குப் பந்தல் போட்டு மைக் கட்டியிருந்தார்கள். பட்டு மெத்தை மேல் படுத்த நாய், ஆள் நின்று விசிறி வீசும் நாய், வெள்ளைக்காரப் பேர் வைத்த நாய். பேர் கொடுக்கும் மேஜைக்குப் பக்கத்தில், சிவப்புத் துணியின் மேல் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பை.

மேஜைக்காரர் நிமிர்ந்தார். "எந்த வகுப்பு சார்? ஒரு வயசுக்குள்ளன்னா குட்டி வகுப்பு. பதினெட்டு மாசத்துக்குள்ளன்னா ஜூனியர். அதுக்கு மேல எல்லாம் ஓபன்."

"ஓபன்ல போடுங்க முதலாளி!" பொன்னுராஜ் துள்ளினான். "அங்கன நிக்கிறதெல்லாம் பிஸ்கோத்து தின்னு வளந்ததுக. நம்மாளு ஒரு உறுமு உறுமினா பந்தக்காலைப் புடுங்கிக்கிட்டு ஓடும்."

"ஜூனியர்ல ஜெயிச்சா என்ன குடுப்பீக?" என்று கேட்டார் வைகுண்டராஜ்.

"ஒரு ரிப்பனும் தட்டும். பெரிய கோப்பை ஓபனுக்கு மட்டும்தான்."

வைகுண்டராஜ் கோப்பையைப் பார்த்தார். வருஷா வருஷம் வந்து வெறுங்கையோடு திரும்பிய மனுஷன். கோப்பைக்கென்று வீட்டில் கண்ணாடி அலமாரியே செய்து வைத்திருந்தார். அவர் நாக்கு உதட்டை ஒருமுறை நனைத்தது. பிறகு, கயிற்றைப் பிடித்து நின்ற சங்கிலியம்மாளின் பக்கம் பார்வை திரும்பியது.

"ஜூனியர்" என்றார்.

பொன்னுராஜ் தலையில் கை வைத்தான். சங்கிலியம்மாள் முதலாளியைப் பார்த்தாள். இந்த மனுஷன் கோப்பையை விடுகிறார். யாருக்குப் பயந்து?

"பிறந்த தேதிக்கு ஏதாவது சான்று?"

"நாட்டு நாய்க்குச் சான்றுக்கு எங்கன போக? போன வருசம் முதல் போக நெல்லுக்கு அணையில தண்ணி திறந்தாகள்ல, அந்த வாரம் பிறந்தது. எங்க பள்ளத்தாக்குல ஆளுக்கும் மாட்டுக்கும் அதுதான் கணக்கு."

"அப்ப ஜூன் மாசம். இப்ப அக்டோபர். சரியாத்தான் வருது." மேஜைக்காரர் எண் போட்ட வில்லை ஒன்றை எடுத்து வைத்தார்.

சங்கிலியம்மாள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

போன வருஷம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கவே இல்லை. மழை ஏமாற்றிவிட்டது. கம்பத்திலிருந்து வீரபாண்டி வரை வயல் வெடித்துக் கிடந்தது. நடவு வேலை இல்லாமல்தான் அவள் போடிக்குப் போய் இந்த மனுஷன் வாசலைப் பெருக்கினாள். ஏலக்காய் விற்கிறவருக்கு வயலில் தண்ணீர் வந்ததும் தெரியாது, வராததும் தெரியாது. எப்போதும் போல ஜூனில் திறந்திருப்பார்கள் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

ஆக, வயசு பொய். இதுதான் அந்த நாய்.

மைக்கில் ஜூனியர் வகுப்பைக் கூப்பிட்டார்கள். வைகுண்டராஜ் வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு திரும்பினார். நாயைக் காணோம்.

பந்தலுக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் சங்கிலியம்மாள் குத்தவைத்திருந்தாள். இலை பிரிந்திருந்தது. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு ஈரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏய், என்னத்தக் குடுக்கிற?"

"அங்கனயே நில்லுங்க முதலாளி. ஒரு எட்டு வச்சாலும் வாய்க்குள்ள போயிரும். மருந்து வச்ச ஈரல்."

வைகுண்டராஜின் கால் அந்தரத்தில் நின்று, மெல்லத் தரைக்கு வந்தது.

"கிறுக்கு புடிச்சிருச்சா உனக்கு? அது வேற நாய். பதினெட்டு மாசம்கூட ஆகல..."

"போன வருசம் தண்ணி எங்க திறந்தாக? திறந்திருந்தா நான் ஏன் உங்க வீட்டு விளக்கமாத்தைத் தூக்குறேன்?"

வைகுண்டராஜ் பந்தல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இதுதானே? ஆமாவா, இல்லையா?"

"...ஆமா."

"சுட்டுப் புதைச்சேன்னு என் முன்னாலதானே அழுதீக!"

"சுட மனசு வரல ஆத்தா. இது மாதிரி நாய் இந்த ஜில்லாவுலயே கிடையாது. பெரிய மனுசங்க எல்லாம் வந்திருக்காக, சத்தம் போடாத. வீட்டுக்குப் போய்ப் பேசுவோம். என்ன வேணும்னாலும் கேளு."

"என் புருசனைத் தின்ன வாய்க்கு ரிப்பன் கட்டிப் பாக்க வந்தீகளாக்கும்."

அவள் கையை இறக்கினாள். நாயின் மூக்கு இலையைத் தொட்டது.

"வேணாம்!" வைகுண்டராஜ் சகதியில் மண்டியிட்டார். பந்தல் ஓரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னுராஜ் ஓடி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். "வேணாம் ஆத்தா, அது ஒரு பாவமும் அறியாது!"

"கழுத்தைக் குதறினது பாவம் இல்லையா?"

நாய் நாக்கை நீட்டியது.

"அது கடிக்கல!" வைகுண்டராஜின் குரல் மைக்கையும் தாண்டிக் கிழிந்தது. "அன்னைக்கு அது கூண்டுக்குள்ள கிடந்துச்சு, நான்தான் பூட்டினேன்! வேலை வேணாம்னு சொல்லிட்டு என் நாயைக் கூட்டிக்கிட்டுப் போகப் பார்த்தான் உம் புருசன். நான்தான் வெட்டினேன்... நாயை விட்டுரு!"